சத்தமாக எண்ணு

2014-ஆம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பை முடித்து, சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்துகொண்ட சில வாரங்களில், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர் அறை வாசலில் நான் வேலைக்காகக் காத்திருந்தேன். வார்டில் போட்டாலும் சரி, ஐ.சி.யு.வில் போட்டாலும் சரி என்ற மனநிலையில்தான் உள்ளே போனேன். அவர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு இடம் காலியா இருக்கு. போறியாம்மா?" என்று கேட்டார். "சரி, மேடம்" என்றேன். பெரியவர்கள் கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நான்கு ஆண்டுகளாகப் பழகியிருந்தேன்.

தண்டையார்பேட்டை வீட்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னபோது அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் அன்று இரவே என்னோடு படித்த தோழியர் இருவர் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார்கள். படித்து முடித்ததும் நேராகத் தியேட்டருக்குப் போகக் கூடாது, வார்டில் இரண்டு ஆண்டுகளாவது நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் நரம்பில் ஊசி ஏற்றுவதுகூட மறந்துவிடும், தியேட்டரில் இருப்பவர்கள் நர்ஸ் இல்லை, கத்தி எடுத்துக் கொடுப்பவர்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அந்த எச்சரிக்கையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது. தியேட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் இன்றும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

மாணவியாக இருந்தபோது எங்களுக்கும் தியேட்டர் போஸ்டிங் உண்டு. சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நிற்போம். "எதையும் தொடாதே" என்பதுதான் அங்கே எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம். பல நாட்கள் அதுவே ஒரே பாடமாகவும் இருந்தது. பச்சைத் துணி போர்த்திய முதுகுகளும், அவற்றுக்கு நடுவே விழும் வெளிச்சமும்தான் எனக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை. உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் துணிவு வரவில்லை.

நர்சிங் கல்லூரியில் எங்களை வளர்த்த விதம் அப்படிப்பட்டது. மருத்துவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நடக்க வேண்டும், கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கை நான் இழிவாகப் பேச மாட்டேன். அதில் பணிவும் கவனமும் இருந்தன. ஆனால் அடக்கமான பெண் என்று பெயரெடுத்த ஒருத்தி தியேட்டருக்குள் நுழைந்ததும் அந்தப் பெயரே அவளுக்கு இடையூறாகிவிடுகிறது. ஏனென்றால் அங்கே ஒரு நர்ஸ் செய்யும் வேலைகளில் மிக முக்கியமானவை எல்லாம் வாயால் செய்யப்படுபவை. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

என்னைப் பழக்கிய இன்சார்ஜ் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவர். அப்போதே முப்பது ஆண்டுகள் தியேட்டரில் கழித்திருந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். அவர் எங்கள் எல்லோரையும் "மக்களே" என்று அழைத்தார். முதல் வாரம் அவர் என்னைத் தியேட்டருக்குள் விடவே இல்லை. கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கம் செய்யும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. நான்கு ஆண்டு படித்தவளை இரத்தக் குழாயைக் கவ்வும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைத் துலக்கவா அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதை வேறு எங்கும் கற்றிருக்க முடியாது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பூட்டுக்குள்ளும் பல் இடுக்கிலும் காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தால், ஆட்டோக்ளேவ் எனும் நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸில் எத்தனை நிமிடம் வைத்தாலும் அந்த இடத்துக்கு நீராவி ஒழுங்காகப் போய்ச் சேராது. ஆகவே துலக்குவதுதான் முதல் கிருமி நீக்கம். கருவிகளைச் சுற்றிக் கட்டிய மூட்டையின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிகின்றன என்றால் அது வெப்பத்தைப் பார்த்திருக்கிறது என்றுதான் பொருள். உள்ளே இருப்பது முழுவதும் தூய்மையாகிவிட்டது என்று பொருளில்லை. நீராவி உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று காட்டுவதற்கு மூட்டைக்குள் வைக்கும் காட்டித்தாள் வேறு இருக்கிறது. மூட்டை ஈரமாக வெளியே வந்தால் அது எவ்வளவு அவசரமான கேஸுக்கு வேண்டியதாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் எத்தனை கருவிகள் என்று எண்ணி அடுக்கி, அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மனத்துக்குள் எண்ணுவதைக் கவனித்த அக்கா, "சத்தமா எண்ணு மக்களே, எனக்குக் கேக்கணும்" என்றார். அவர் என்னிடம் அடிக்கடி சொன்ன வாக்கியம் அதுதான்.

கருவிகளின் பெயர்கள் இரண்டு வாரத்தில் பழகிவிட்டன. மஸ்கிட்டோ, கோக்கர், ஆலிஸ், பாப்காக், மேயோ கத்தரி, மெட்சென்பாம் கத்தரி, டீவர் ரிட்ராக்டர் என்று இரவில் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொல்வார். ஆனால் அறுவை சிகிச்சை நிபுணர்களில் பலர் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. கண்ணைக் காயத்திலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார்கள். விரல்கள் எப்படி விரிந்திருக்கின்றன என்பதிலிருந்தும், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலிருந்தும் அடுத்து வேண்டியது என்ன என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். இரத்தம் பீறிட்டால் ஆர்ட்டரி, அதற்கு அடுத்தது கட்டுப் போட நூல், அதற்கு அடுத்தது நூல் வெட்டும் கத்தரி. இது மனப்பாடத்தால் வருவதில்லை. அறுவை சிகிச்சையின் படிகள் தெரிந்தால்தான் வரும். ஆகவே மறுநாள் லிஸ்டில் என்ன கேஸ் என்று முந்தைய நாளே பார்த்துவிட்டு, இரவில் அதைப் படித்துவிட்டுப் போவேன்.

தையல் நூல்களில் எனக்கு நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2-0 என்பதைவிட 4-0 மெல்லியது, 6-0 அதைவிட மெல்லியது என்பதை மண்டை ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் ஆயின. விக்ரில் ஊதா நிறத்தில் இருக்கும், உடலுக்குள் கரைந்துவிடும்; புரோலின் நீலம், கரையாது; சில்க் கறுப்பு. வளைந்த ஊசியை நுனியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நீடில் ஹோல்டரில் பிடிக்க வேண்டும். நூல் கோத்த முனையில் பிடித்தால் ஊசி வளைந்துவிடும். அதைக் கொடுக்கும்போது ஊசியின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும், வாங்குபவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதும் நினைவில் இருக்க வேண்டும். யூனிஃபார்ம் பையில் நான் வைத்திருந்த சிறு நோட்டில் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். கையுறை ஏழா ஏழரையா, தோலுக்கு எந்த நூல், பேசிக்கொண்டே வேலை செய்பவரா அமைதி வேண்டுபவரா என்பதுவரை அதில் எழுதியிருந்தேன்.

என் வேலை வாழ்க்கையை முடிவு செய்தது ஐந்தாவது வாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. வெளியாட்களுக்கு அது ஒன்றுமே இல்லாததாகத் தோன்றும்.

அன்று ஒரு ஹெர்னியா கேஸ். அக்காவோடு நானும் இரண்டாவது ஆளாக ஸ்க்ரப் ஆனேன், அதாவது கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டு மேசையருகே நிற்கத் தயாரானேன். கை கழுவும் தொட்டிக்கு முன் நின்று, விரல் நுனியிலிருந்து தொடங்கி, நகக்கண், விரல் இடுக்கு, உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு, முன்கை என்று ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்து முழங்கைவரை போனேன். கைகளை உயர்த்திப் பிடித்தால் நீர் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு வழிந்து சொட்டும். எதிர்த்திசையில் ஒரு சொட்டும் வரக் கூடாது. கவுனும் கையுறையும் போட்ட பிறகு, நம் உடலில் முன்புறம் மார்பிலிருந்து இடுப்புவரையும் கைகளும் மட்டுமே சுத்தமானவை என்று கொள்ள வேண்டும். முதுகு சுத்தமில்லை, தோள் சுத்தமில்லை, இடுப்புக்குக் கீழே தொங்கும் கை சுத்தமில்லை. இவ்வளவும் மனத்தில் ஓட, நோயாளியின் மேல் பச்சைத் துணி விரிக்க அக்காவுக்கு உதவிக்கொண்டிருந்தேன். துணியின் ஓரத்தை விட்டுக் கையை இழுத்தபோது, என் இடது புறங்கை சலைன் ஸ்டாண்டின் கம்பியில் உரசியது.

ஒரு நொடிகூட இருக்காது. யாரும் பார்க்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், சர்ஜன் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார், அக்கா எனக்கு முதுகைக் காட்டி ட்ராலியை இழுத்துக்கொண்டிருந்தார். கையுறையைப் பார்த்தேன், கறையில்லை, கிழிசலில்லை, சற்று முன் இருந்த அதே வெள்ளை. சொன்னால் திட்டுவார்கள், கேஸ் தாமதமாகும், இந்தப் பெண்ணுக்கு இன்னும் தியேட்டர் பழகவில்லை என்று மேடத்திடம் போகும் என்ற எண்ணங்கள் வரிசையாக வந்தன. அரை நிமிடம் நான் பேசவில்லை. அந்த அரை நிமிடத்தில் ட்ராலியிலிருந்த எதையும் நான் தொடவில்லை என்பது மட்டுமே எனக்கு இன்றும் இருக்கும் ஆறுதல். பிறகு, "அக்கா, என் கை ஸ்டாண்ட்ல பட்டுடுச்சு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "எந்தக் கை?" என்றார். "இடது" என்றேன். "வெளியே நீட்டு" என்றார். அறையில் ஸ்க்ரப் ஆகாமல் சுற்றி வேலை பார்த்த டெக்னீசியன் அண்ணன் வந்து கையுறையின் வெளிப்புறத்தைப் பிடித்து உருவினார். அக்கா புதிய கையுறையை விரித்துப் பிடிக்க, அதற்குள் கையை நுழைத்தேன். முழுவதும் ஒரு நிமிட வேலை. அவர் திட்டவில்லை, பாராட்டவுமில்லை. அடுத்த துணியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அன்று அவர் கத்தியிருந்தால் அடுத்த முறை நான் சொல்லியிருப்பேனா என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடுப்பதற்காகவே கட்டப்பட்ட இடம் தியேட்டர். அங்கே நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை செய்தவளுக்கு மட்டுமே தெரியும். மூன்று நாள் கழித்து நோயாளிக்குத் தையலில் சீழ் பிடித்தால், அது யார் கையிலிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. எனவே புதியவள் தன் பிழையைச் சொன்ன முதல் தருணத்தில் மூத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே, அந்தப் பெண் பிற்காலத்தில் எப்படிப்பட்ட தியேட்டர் நர்ஸாக இருப்பாள் என்பது அமைகிறது. புதியவர்களைப் பழக்கும் ஒவ்வொருவரையும் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா வேலைக்கு வந்த காலத்தில் கையுறைகளைக் கழுவி, ஊதிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று சோதித்து, பவுடர் போட்டு, மறுபடி ஆட்டோக்ளேவில் வைத்துப் பயன்படுத்துவார்களாம். 1986-இல் இதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பிறகு, தியேட்டரில் இரத்தத்தைப் பார்க்கும் பார்வையே மாறத் தொடங்கியது என்று அவர் சொல்வார். நானோ, கையுறை தியேட்டருக்குள் வந்த கதையைப் பின்னாளில் படித்தபோது வியந்துபோனேன். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தியேட்டர் நர்ஸுக்கு, கிருமி நீக்கத்துக்காகக் கையை முக்கும் பாதரச மருந்தினால் தோல் புண்ணாகிவிட்டது. அவருடைய கைகளைக் காப்பாற்றுவதற்காக 1889-90-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தில் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்யச் சொன்னார். நோயாளியைக் காக்கும் பொருள் என்று இன்று உலகமே அறிந்திருப்பது, முதலில் ஒரு நர்ஸின் கைகளுக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. என் கைகளிலும் அந்த முதல் ஆண்டில் தோல் உரிந்து வெடித்திருந்ததால், அந்தப் பெண்மணியை எனக்கு நெடுநாள் தெரிந்தவர்போல் உணர்ந்தேன்.

குரலைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் நின்று, பட்டியலை உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைச் செய்து பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. புதிய மருந்தோ புதிய கருவியோ அதில் கிடையாது. வாய்விட்டுச் சொல்வதும், சொன்னதைக் கேட்பதும்தான்.

அந்தப் பட்டியலைப் படிக்கும் பொறுப்பு மூன்றாவது மாதத்தில் எனக்கு வந்தது. கத்தியைக் கையில் எடுத்துவிட்ட சர்ஜனைப் பார்த்து, "சார், டைம் அவுட்" என்று சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர், என்ன அறுவை சிகிச்சை, இடப்பக்கமா வலப்பக்கமா, ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா. முதல் நாள் நான் படித்தது மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிட்டது. "யாருக்கும் கேக்கல, திரும்பப் படி" என்றார் அக்கா. எல்லோர் முன்னிலையிலும் மூன்று முறை படிக்க வைத்தார். அவமானமாக இருந்தது, ஆனால் நான்காவது முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பட்டியலில், தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமே என்று அதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் கருத்து. ஒரு முறை தன் பெயரை அந்த அறையில் உரக்கச் சொன்ன பெண்ணுக்கு, பத்து நிமிடம் கழித்து "சார், நிறுத்துங்க" என்று சொல்வது அவ்வளவு கடினமாக இராது.

அப்படிச் சொல்ல வேண்டிய இரவு எனக்கு எட்டாவது மாதத்தில் வந்தது. நள்ளிரவுக்கு மேல் ஓர் அவசர சிசேரியன். முதுகில் மயக்க ஊசி போட்டிருந்ததால் தாய் விழித்திருந்தார். குழந்தை பிறந்து, அழுது, குழந்தைகள் மருத்துவரின் கைக்குப் போய்விட்டது. கருப்பையைத் தைத்து முடித்து, வயிற்றை மூடுவதற்கு முன் எண்ண வேண்டும். மாப் எனப்படும் பெரிய துணிகளை ஐந்து ஐந்தாகத்தான் ட்ராலிக்கு எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பலகையில் பத்து என்று எழுதியிருந்தது. நானும், ஸ்க்ரப் ஆகாமல் சுற்றி வேலை பார்க்கும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து எண்ணினோம். ஒன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினோம். ஒன்பது.

"மேடம், கவுன்ட் சரியில்ல. ஒரு மாப் குறையுது" என்றேன். "உள்ள ஒண்ணும் இல்ல, நான் பார்த்துட்டேன். நீ ஒழுங்கா எண்ணு" என்று அந்த மருத்துவர் கையை நீட்டினார். நூல் கோத்த நீடில் ஹோல்டர் என் கையில் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. "இன்னொரு தடவை உள்ள பாருங்க மேடம். நாங்க வெளியில தேடுறோம்" என்றேன். சொல்லும்போது முழங்கால் நடுங்கியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கோபப் பார்வைதான். ஆனாலும் கையை உள்ளே விட்டுப் பக்கவாட்டிலும் கருப்பைக்குப் பின்னாலும் தேடினார். சர்குலேட்டிங் நர்ஸ் வாளியையும் தரையையும் துணிக்கூடையையும் பார்த்துவிட்டு, கடைசியில் நஞ்சுக்கொடி போட்ட பேசினில் கையை விட்டார். அதற்கு அடியில், இரத்தத்தில் ஊறி, நஞ்சுக்கொடியின் நிறத்திலேயே கிடந்தது பத்தாவது மாப்.

எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருக்கும். பத்து என்று உரக்கச் சொன்னேன். மருத்துவர் "சரி" என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கினார். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாயின் குரல் மெல்ல வந்தது. "என்ன சிஸ்டர் எண்ணுறீங்க? குழந்தை நல்லாருக்குல்ல?" நாங்கள் பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "குழந்தை நல்லாருக்கும்மா. எங்க துணியெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குறோம். இருக்கு" என்றேன். கேஸ் முடிந்தபின் அந்த மருத்துவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் அவருடைய லிஸ்டில் ஸ்க்ரப் ஆக என்னைக் கேட்டிருந்தார் என்று அக்கா சொன்னார்.

எல்லா நாளும் இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. மார்பகக் கட்டி ஒன்றிலிருந்து உறையவைத்து உடனே பார்க்கும் ஃப்ரோசன் பரிசோதனைக்காக வெட்டியெடுத்த துண்டை, வழக்கம்போல் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் டப்பாவில் போடப் போனேன். ஃப்ரோசனுக்கு அது ஃபார்மலின் படாமல் அப்படியே, உடனடியாகப் போக வேண்டும். நோயாளி மேசையில் மயக்கத்தில் இருக்கும்போதே முடிவு வர வேண்டும், அந்த முடிவைப் பொறுத்துத்தான் அடுத்து எவ்வளவு வெட்டுவது என்று தீர்மானிப்பார்கள். டெக்னீசியன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்தத் துண்டு அந்தப் பரிசோதனைக்கு உதவாமல் போயிருக்கும். அன்றிலிருந்து எந்த ஸ்பெசிமன் கையில் வந்தாலும், "சார், இது ஃபார்மலினா, ஃப்ரோசனா, கல்ச்சரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். பதில் தெரிந்திருந்தாலும் கேட்கிறேன்.

இனி, தோழியர் சொன்ன எச்சரிக்கைக்கு வருகிறேன். தியேட்டரில் நர்ஸ் வேலை இல்லை என்பது தவறு. காத்திருக்கும் அறையில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய் நின்று பார்த்தால் தெரியும். தாலியைக் கழற்ற மனமில்லாமல், பொன்னை வீட்டில் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். காலில் மெட்டி இறுகிப்போய் வராமல் இருக்கும். மின்சாரத்தால் வெட்டி இரத்தத்தை நிறுத்தும் காட்டரியைப் பயன்படுத்தும்போது உலோகம் உடலில் இருக்கக் கூடாது என்பதை அவர் பயப்படாத வகையில் சொல்லி, எண்ணெய் தடவிக் கழற்றி, பொட்டலம் கட்டிக் கணவர் கையில் சேர்க்க வேண்டும். தியேட்டர் குளிரில் அவர் நடுங்குவது பயத்தாலா குளிராலா என்று பார்த்து, போர்வை போர்த்தி, மயக்க மருந்து ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வார்டில் நோயாளி மணியடித்து அழைப்பார். இங்கே அவரால் அழைக்க முடியாது. கை மடங்கி நரம்பு நசுங்குகிறதா, குதிகாலுக்குக் கீழே மெத்தை இருக்கிறதா என்று அவருக்குப் பதிலாக நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. ஓராண்டு முடிந்தபோது, அறுவை சிகிச்சைக்கு மறுநாள் ஒரு நோயாளி எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியாது என்பதை உணர்ந்தேன். பத்து நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் மருந்து கொடுக்கும் பழக்கமும், ஒருவர் முகத்தைப் பார்த்தே இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று சொல்லும் கண்ணும் எனக்கு வாய்க்கவில்லை. நானே கேட்டு மூன்று மாதம் ஐ.சி.யு.வில் இருந்துவிட்டுத் திரும்பினேன். நேராகத் தியேட்டரில் சேர்பவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. அதை எண்ணி இன்றும் ஆதங்கப்படுகிறேன். அக்கா என்னை மூன்று மாதம் தனியாக விடவில்லை. என்னோடு படித்த ஒரு பெண்ணை வேறு ஒரு மருத்துவமனையில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, பதினைந்தாவது நாளே இரவு டூட்டியில் தனியாக நிறுத்தினார்கள். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்றே தெரியாத பெண் எதை எண்ணுவாள், எதைத் துணிந்து சொல்வாள்? நாற்பதாவது நாள் அவள் வேலையை விட்டாள். இன்று நர்சிங்கிலேயே இல்லை. தவறு அவளுடையது இல்லை. புதிதாகச் சேரும் பெண்கள் சம்பளத்தைக் கேட்பதுபோலவே, எத்தனை வாரம் ஒரு மூத்தவரோடு இருக்க விடுவீர்கள், தனியாக நைட் எப்போது என்பதையும் நேர்காணலிலேயே கேட்க வேண்டும். ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊசி குத்தாத தியேட்டர் நர்ஸை நான் பார்த்ததில்லை. குத்திவிட்டால் மறைக்காமல் அந்த நொடியே சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

உடம்பைப் பற்றிச் சிறிது. காலையில் சாப்பிடாமல் போகக் கூடாது. நான்கு மணி நேரக் கேஸில் நடுவே வெளியே வர முடியாது. தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். சமாளிக்கலாம் என்று நின்றால் மேசைமேல்தான் விழுவோம். கால் நரம்பு சுருண்டுகொள்ளாமல் இருக்க இறுக்கமான சாக்ஸ் வாங்கிக்கொள்வது முதல் மாதச் சம்பளத்தின் முதல் செலவாக இருக்கட்டும்.

அக்கா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்ச் சில ஆண்டுகளாகின்றன. புதியவர்களைப் பழக்கும் வேலை இப்போது என்னுடையது. வரும் திங்கட்கிழமை மூன்று பெண்கள் சேர்கிறார்கள். முதல் வாரம் மூவரையும் சி.எஸ்.எஸ்.டி.யில் உட்கார வைக்கப் போகிறேன். அவர்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரம் தியேட்டருக்குள் அழைத்துப் போவேன். மூவரில் யாருடைய குரல் மெல்லியதாக இருக்கிறதோ, அந்தப் பெண்ணின் கையில் மார்க்கரைக் கொடுத்து வெள்ளைப் பலகை அருகே நிறுத்துவேன்.